கால் ஆர்கன்: மலைமேல் இருக்கும் சின்னச் சபைக்கு இது சரிப்படுமா?

சின்னச் சபைக்கு என்ன வாத்தியம் வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: ஒரு கீபோர்டு வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. கரண்ட் நிற்காத ஊரில், வாசிக்கத் தெரிந்த வாலிபர்கள் இரண்டு பேராவது இருக்கும் சபைக்கு அது சரியான பதில்தான், அதோடு நான் சண்டை போட வரவில்லை. மலைச் சபையின் கதை வேறு. முப்பது பேர் வந்தால் அது நிறைந்த ஆராதனை, மழைக்காலத்தில் அதிலும் பாதி குறையும், போதகர் பல சபைகளைச் சேர்த்துப் பார்ப்பவர் என்பதால் எல்லா ஞாயிறும் வர முடியாது, அவர் வராத ஞாயிறு மூப்பர் ஒருவர் ஆராதனை ஒழுங்கைப் படித்து நடத்துவார், மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதிரி இடத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ரீடு ஆர்கன் எப்படி உழைக்கிறது என்பதுதான் இந்த விமர்சனம். எங்கள் சபையில் ஆர்கன் ஒரு ஓரம், கீபோர்டு இன்னொரு ஓரம், இரண்டையும் வாசிப்பது நான்தான், அதனால் ஒப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. குறைந்த ஒன்று எங்கே போனது என்பது போகப்போகத் தெரியும், அதில் பாதி கருவியின் குற்றம், பாதி அதன் வயதின் குற்றம்.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு: மேசை அளவுக்கு ஒரு மரப்பெட்டி, முன்னால் ஐந்து ஆக்டேவ், அதாவது 61 கட்டை, கீழே இரண்டு மிதி. உள்ளே குழாய் எதுவும் கிடையாது. பித்தளைச் சட்டத்தில் ஒரு முனை மட்டும் அறையப்பட்ட பித்தளை நாக்கு, ரீடு என்பது இதுதான், அதைக் கடந்து காற்று போகும்போது அது அதிர்ந்து சத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். மவுத் ஆர்கனிலும் கை ஆர்மோனியத்திலும் இருப்பது இதே சங்கதி. 1840-ல் பாரிஸில் அலெக்சாந்தர் டெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அந்த ரகத்தில் துருத்தி காற்றை வெளியே தள்ளும். பிற்பாடு அமெரிக்காவில் பெருவாரியாகச் செய்தவை இதற்கு நேர்மாறு, துருத்தி காற்றை உள்ளே உறிஞ்சும். எங்களுடையது உறிஞ்சும் ரகம், செய்தவர் பெயர் எழுதிய பட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் இவை எப்படி விற்றன என்றால், வெர்மான்ட் மாநிலத்தில் பிராட்டில்பரோ என்ற சின்ன ஊரில் இருந்த எஸ்டி கம்பெனி மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து அனுப்பியது. 1960-ல் அதுவும் மூடிவிட்டது. ஆக, இது கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கும் பொருள் இல்லை. பெரிய சபை ஒன்று புதுக் கட்டடத்துக்குப் போகும்போது, அல்லது யாரோ பழைய வீட்டைக் காலி செய்யும்போது, 'வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள்' என்று வந்து சேரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஆர்கன் சும்மா, மலைக்கு ஏற்றிய வண்டிக் கூலியும் பழுது பார்த்ததும்தான் செலவு. நாலு பேர் இல்லாமல் அதை அசைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் வரிசையாக இழுக்கும் குமிழ்கள் இருக்கும், ஸ்டாப் என்பார்கள். டயாப்பசன், மெலோடியா, டல்சியானா, வயோலா, வாக்ஸ் ஹியுமானா என்று வெள்ளை முகத்தில் வளைந்த எழுத்தில் பெயர்கள். புதிதாகப் பார்ப்பவர் இத்தனை விதமான சத்தம் வருமா என்று அசந்துபோவார். வராது. எங்கள் ஆர்கனில் உள்ளே இருப்பது இரண்டே வரிசை ரீடு. டல்சியானா என்பது தனி வரிசையே இல்லை, டயாப்பசன் ரீடுகளுக்கு மேல் இருக்கும் மூடியைப் பாதி மட்டும் திறந்து சத்தத்தைக் குறைப்பது. குமிழ் அதிகம் இருந்தால் விலை அதிகம் சொல்லலாம் என்பது அந்தக் காலத்து வியாபாரம், இன்றைக்குக் கீபோர்டில் நானூறு டோன், ஐந்நூறு டோன் என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்பதும் அதே வியாபாரம்தான், ஆராதனையில் நாம் தொடுவது அதில் நாலு இருந்தால் அதிகம். வாக்ஸ் ஹியுமானாவை இழுத்தால் உள்ளே ஒரு சின்ன விசிறித் தகடு சுழன்று சத்தத்தை நடுங்க வைக்கும். அடக்க ஆராதனையில்கூட அதைத் தொடாதீர்கள். மற்றவர்கள் அழுவதற்கு முன்னால் ஆர்கன் அழ ஆரம்பித்துவிடும்.

சத்தம் எப்படி என்றால், சின்னக் கட்டடத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. கல்சுவர், தாழ்ந்த கூரை, முப்பது குரல், அதில் பாதி வயதான குரல். இதற்கு மைக்கும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம். வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மரத் துடுப்பு இருக்கிறது, முழங்காலால் அதை வெளிப்பக்கம் தள்ளினால் சத்தம் மெல்லத் திறக்கும், விட்டால் அடங்கும். கைகள் கட்டையில், கால்கள் மிதியில், முழங்கால் துடுப்பில் என்று பார்க்கச் சர்க்கஸ் வித்தை போல இருக்கும், பழகிவிட்டால் இதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய வசதி. கடைசிச் சரணத்தில் யாரும் சொல்லாமலே சபை குரலை உயர்த்தும் அல்லவா, அப்போது முழங்காலை அரை அங்குலம் நகர்த்தினால் போதும். கீபோர்டில் அதே வேலைக்கு ஒரு கையை எடுத்து வால்யூம் குமிழைத் திருக வேண்டும், அதற்குள் ஒரு அடி போய்விடும். வால்யூம் பெடல் வைத்த பெரிய கீபோர்டில் இந்தக் குறை இல்லை, ஆனால் சின்னச் சபை வாங்குவது அந்த ரகம் இல்லை.

இனி முக்கியமான விஷயம், வேகம். இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெரிய சபையில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது பாடகர் குழு. சின்னச் சபையில் குழு என்று தனியாக யாரும் இல்லை, முன்வரிசையில் உட்காரும் நாலு அம்மாக்கள்தான் குழு, அவர்களில் ஒருவர் ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் இழுத்து நிறுத்துவார், அவர் விடும்வரை மற்றவர்களும் விடமாட்டார்கள். கீபோர்டில் ரிதம் பொத்தானை அழுத்திவிட்டால் அது யாருக்காகவும் நிற்காது. இழுத்தவர்கள் பின்தங்குவார்கள், வாலிபர்கள் இயந்திரத்தோடு போவார்கள், இரண்டாம் சரணத்துக்குள் சபை இரண்டாகப் பிரிந்துவிடும், மூன்றாம் சரணத்தில் பின்தங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் முப்பது பேரில் பதினைந்து பேர் பாடாமல் நின்றால் அந்த ஆராதனையில் என்ன மிச்சம்? கால் ஆர்கனில் இது நடக்கவே வாய்ப்பில்லை. அதில் ரிதம் கிடையாது என்பது ஒரு காரணம், இன்னொன்று அதன் உடம்பே அவசரத்துக்கு ஒத்துவராது: ரீடு பேச ஆரம்பிக்க ஒரு கண நேரம் எடுக்கும், கீழ்க்கட்டைகளில் இன்னும் கொஞ்சம் கூடுதல், வேகமாக வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் களியாகிவிடும். அதனால் வாசிப்பவர் தானாகவே நிதானமாகிறார், அந்த அம்மா இழுத்து முடிக்கும்வரை சுரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். பியானோ சத்தம் வைத்த கீபோர்டில் அழுத்திய சுரம் தேய்ந்துகொண்டே போகும், ரீடு ஆர்கனில் விரலை எடுக்கும்வரை அதே பலத்தில் நிற்கும். இழுத்துப் பாடும் சபைக்கு இந்த ஒரு குணமே போதும்.

சரி, கீபோர்டில் ரிதத்தை அணைத்துவிட்டு ஆர்கன் டோனில் வாசித்தால் இதே பலன் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், முக்கால்வாசி. நானும் கரண்ட் இருக்கும்போது அப்படி வாசிப்பது உண்டு. ஆனால் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் யாராவது ஒருவர் அதை அழுத்தத்தான் செய்வார், குறிப்பாக விடுமுறைக்கு வந்திருக்கும் யாராவது 'நான் ஒரு பாட்டு வாசிக்கட்டுமா' என்று உட்காரும்போது.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சின்னக் கீபோர்டுகளில் பேட்டரி போடலாம், ஆனால் பேட்டரியில் ஓடும்போது அதன் ஸ்பீக்கர் கல்கட்டடத்தின் பின்வரிசைக்கு எட்டாது, எட்ட வைக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டும், அதற்குத் திரும்பவும் கரண்ட் வேண்டும். கோவில்பிள்ளை மெழுகுவத்தி ஏற்றி வைத்து நடந்த ஞாயிறுகளில் ஆர்கன் ஒன்றும் தெரியாத மாதிரி தன் வேலையைப் பார்த்தது. அடக்க ஆராதனைகளுக்கும் இது பெரிய உதவி, மழை பெய்யும் நாளாகப் பார்த்துத்தான் மலையில் சாவு வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு, அந்த நாளில் ஜெனரேட்டர் தேடி ஓட வேண்டிய தேவை இல்லை.

குளிருக்கு வருவோம். மலைமேல் உயரம் அதிகம், காற்று லேசு, அதனால் ஆர்கன் சுருதி மாறும் என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். அப்படி இல்லை. காற்றில் ஒலி போகும் வேகத்தை மாற்றுவது வெப்பம், உயரத்தால் குறையும் காற்றழுத்தம் இல்லை. அந்த வேகத்தை நம்பி இருப்பது குழாய் ஆர்கன், ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் குழாயின் சுருதி ஏறக்குறைய மூன்று சென்ட் இறங்கும், ஒரு அரைச்சுரம் நூறு சென்ட். பதினைந்து டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி இறங்கிவிடும். ரீடின் சுருதி அந்த நாக்கின் கனத்தையும் விறைப்பையும் பொறுத்தது, அதனால் குளிரில் அது பெரிதாக அசைவதில்லை. அதிகாலைக் கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் நடுப்பகல் அறுப்புப் பண்டிகையிலும் எங்கள் ஆர்கன் ஒரே சுருதியில்தான் நிற்கிறது. மலைக்கோவிலில் குழாய் ஆர்கன் வைக்க ஆசைப்படும் யாராவது இருந்தால், காசு இருந்தாலும் இதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே சுருதியில் நிற்கிறது என்றேன், எந்தச் சுருதியில் என்று சொல்லவில்லை. இங்கேதான் முதல் குறை. இன்றைக்கு உலகம் வைத்திருக்கும் கணக்கு ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். பிரான்ஸ் 1859-ல் சட்டம் போட்டு 435 என்று வைத்தது, அந்த அளவு பல இடங்களுக்கும் பரவியது, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் 452 வரை ஏற்றி வைத்திருந்தார்கள். உங்களுக்கு வந்து சேரும் ஆர்கன் எந்தக் காலத்தது, எந்த நாட்டது என்பதைப் பொறுத்து இதில் ஏதோ ஒன்றாக இருக்கும். எங்களுடையதை மொபைல் டியூனரில் பார்த்தால் 435-ஐ ஒட்டி நிற்கிறது, 440-ஐ விட இருபது சென்ட் கீழே. தனியாக வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது. கீபோர்டையோ புல்லாங்குழலையோ பக்கத்தில் சேர்த்தால் பல் கூசும். கிதாரை ஆர்கனுக்கு ஏற்பக் கொஞ்சம் இறக்கிச் சுருதி சேர்க்கலாம், எங்கள் வாலிபர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே அதைச் செய்கிறார். கீபோர்டிலும் நுண்சுருதி மாற்ற வசதி இருக்கும், அமைப்புகளுக்குள் தேடிப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். 452-ல் இருக்கும் ஆர்கன் கிடைத்தால் இந்தச் சமாதானம் எதுவும் எளிதில் நடக்காது, அது தனி ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, சுருதி மாற்றும் பொத்தான் இல்லாதது. இதில் கீபோர்டு வெற்றி, பேச்சே இல்லை. காலை ஆராதனையில் குரல் இன்னும் எழும்பியிருக்காது, புத்தகத்தில் இருக்கும் சுருதியில் ஆரம்பித்தால் உச்ச வரியில் எல்லாரும் கழுத்தை நீட்டுவார்கள். கீபோர்டில் இரண்டு முறை தட்டினால் ஒரு முழுச்சுரம் கீழே வந்துவிடும். ஆர்கனில் வாசிப்பவரே தலைக்குள் மாற்றி வாசிக்க வேண்டும், எனக்கு அது ஈ ஃப்ளாட்டிலிருந்து டி-க்கு வரும், மற்றபடி தடுமாற்றம்தான். இதற்காகவே சில பாட்டுகளைக் கீழ்ச்சுருதியில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

பராமரிப்புதான் அந்த ஒரு மதிப்பெண்ணில் பெரும்பங்கைத் தின்றது. மலையில் பனியும் ஈரமும் வருஷத்தில் பெரும்பகுதி இருக்கும், ஈரத்தில் மரம் ஊதும், கட்டைகள் ஒன்றோடொன்று உரசி அழுத்தினால் எழும்பாமல் அப்படியே கிடக்கும். அதைவிட மோசம், காற்றை அடைக்கும் சின்ன மூடி சரியாக உட்காராமல் போனால் ஒரு சுரம் தானாக ஊளையிட ஆரம்பிக்கும், பிரசங்கத்துக்குப் பிறகு ஜெபத்தின் நடுவில் அதைக் கேட்டிருக்கிறேன், மிதியிலிருந்து காலை எடுத்தாலும் துருத்தியில் மிச்சம் இருக்கும் இழுப்பு தீரும்வரை அது நிற்காது. உறிஞ்சும் ரகத்தில் இன்னொரு தொல்லை, காற்றோடு தூசியையும் சேர்த்து இழுக்கும், ஒரு தூசி போய் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரம் ஊமை. இதைச் சரி செய்வது சுலபம்: பின்பலகையைக் கழற்றி, கொக்கிக் கம்பியால் அந்த ரீடைச் சட்டத்தோடு வெளியே இழுத்து, மெல்லிய தூரிகையால் தட்டி, வந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிடலாம், கால்மணி நேர வேலை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ரீடை எண்ணெயாலோ உப்புத்தாளாலோ தொடாதீர்கள். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும், எடுத்த பித்தளை திரும்ப வராது. 'சுருதி சேர்த்துத் தருகிறேன்' என்று வந்த ஒரு மெக்கானிக் அரத்தை வைத்து இரண்டு ரீடை அப்படி நாசம் பண்ணிவிட்டுப் போனார், அவை இன்றைக்கும் மற்றவற்றோடு சேராமல் முறைத்துக்கொண்டு இருக்கின்றன. சபையில் யாருக்காவது தச்சுவேலையோ கடிகார வேலையோ தெரிந்தால் அவரிடம் விடுங்கள், பொறுமை இருப்பவரே இதற்கு மெக்கானிக்.

எலி பெரிய எதிரி. மிதிகளுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி வழியாக உள்ளே போய்த் துருத்தித் துணியையும் கம்பளித் துண்டுகளையும் கடித்துக் கூடு கட்டும். இது புதுப் பிரச்சினை இல்லை, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அமெரிக்கக் கம்பெனிகள் 'எலி புகாத மிதி' என்று விளம்பரம் செய்து விற்றிருக்கின்றன. ஆர்கனும் எலியும் என்றதும் ஞாபகம் வருவது, 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் ஊர்க் கோவிலில் யோசப் மோர் என்ற குருவானவரும் ஆர்கன் வாசிப்பவரான ஃபிரான்ஸ் குரூபரும் கிதாரோடு பாடிய 'சைலன்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டு. ஆர்கனை எலி கடித்துவிட்டது, அதனால்தான் கிதார் எடுத்தார்கள் என்று பிரசங்கங்களில் வருஷா வருஷம் கேட்கிறோம், அந்த எலி பின்னால் வந்து சேர்ந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது: அந்தப் பாட்டை வெளியே கொண்டுபோனவர் கார்ல் மாவ்ராக்கர் என்ற ஆர்கன் செய்பவர், சில்லர்டால் என்ற மலைப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், அங்கே இருந்த பாடகர் குடும்பங்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எலி இல்லாமலே நல்ல கதைதான்.

வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் பவனிக்கு எங்கள் ஆர்கன் உதவாது, சொல்லவே வேண்டாம். பெட்டி மாதிரி மடக்கிக் கையில் தூக்கும் ஆர்கன்களும் உண்டு, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தின் சாப்ளின்களுக்காக, அதாவது படையோடு போகும் குருமாருக்காக, எஸ்டி கம்பெனி அப்படி நிறையச் செய்து கொடுத்தது. நாலு ஆக்டேவ் இருந்தால் பெரிது, ஆனால் பாதை ஏற்றத்தில் அதைத் தூக்கிப் போக முடியும். ஒன்று கிடைத்தால் பெரிய ஆர்கனை விட்டுவிட்டு அதையே எடுங்கள் என்றுகூடச் சொல்வேன், வீட்டு ஜெபக்கூட்டம், பவனி, கல்லறைத் தோட்டம் எல்லாவற்றுக்கும் கூடவே வரும்.

யார் வாசிப்பது என்ற கேள்விக்கு, பியானோ கற்றவரை விடக் கை ஆர்மோனியம் பழகியவர் இதில் சீக்கிரம் செட்டாகிறார். பியானோக்காரர்கள் கட்டையைத் தட்டுவார்கள், இதில் தட்டினாலும் தடவினாலும் சத்தம் ஒன்றுதான், விரலை எடுத்த இடத்தில் சத்தம் வெட்டுப்படும், அதனால் ஒரு விரல் எழும்போது அடுத்தது இறங்கியிருக்க வேண்டும். மிதிப்பது இரண்டு கால்களும் மாறி மாறி, நிதானமாக. பதற்றத்தில் வேகமாக மிதித்தால் சத்தம் விம்மும். ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன்: பாட்டுப்புத்தகத்தில் மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் 8.6.8.6 என்றோ 8.8.8.8 என்றோ எண்கள் இருக்கும், ஒவ்வொரு அடியிலும் இருக்கும் அசைக்கணக்கு அது. ஒரே கணக்குள்ள பாட்டுகளுக்கு மெட்டை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கணக்குக்கும் மும்மூன்று மெட்டு உறுதியாகத் தெரிந்தால், பலகையில் மூப்பர் எந்தப் பாட்டின் எண்ணை மாட்டினாலும் பாதிக்கு மேல் சமாளித்துவிடலாம். தெரியாத மெட்டு வந்தால் முன்வரிசை அம்மாக்களைக் கேளுங்கள், அவர்களுக்கு எந்தப் பாட்டு எந்த மெட்டில் போகும் என்பது புத்தகத்தை விட நன்றாகத் தெரியும், பிடிக்காத மெட்டு என்றால் அதையும் முகத்திலேயே காட்டிவிடுவார்கள்.

துதிப்பாடல்களுக்கு இது லாயக்கில்லை. கைத்தட்டி, டிரம் வைத்துப் பாடும் பாட்டை இதில் வாசித்தால் கேட்கவே பரிதாபமாக இருக்கும், அதனால்தான் கீபோர்டை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன். எங்கள் ஏற்பாடு இது: ஆராதனையின் ஆரம்பத்தில் வாலிபர்கள் கீபோர்டோடு இரண்டு பாட்டு, பாவ அறிக்கையிலிருந்து ஆசீர்வாதம் வரை ஆர்கன். திருவிருந்து நாளில் சபை முன்னால் வந்து முழங்கால்படியிட்டுத் திரும்பும் நேரம் முழுவதும் ஆர்கன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும், கூட்டம் குறைந்த நாளில் அந்த நேரம் சின்னதாகும், அதிகமான நாளில் நீளும், எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். காணிக்கைப் பாட்டுக்கும் அப்படித்தான், பை பின்வரிசையை எட்டியதும் நிறுத்திவிடலாம்.

யாராவது 'ஒரு பழைய ஆர்கன் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டால் உடனே வண்டி பிடிக்காதீர்கள், போய்ப் பாருங்கள். எல்லா ஸ்டாப்பையும் உள்ளே தள்ளிவிட்டு நன்றாக மிதித்து நிறுத்துங்கள், மிதி கொஞ்ச நேரம் விறைப்பாக நின்றால் துருத்தி உயிரோடு இருக்கிறது, காலை எடுத்த உடனே தொளதொளத்தால் துணி மாற்ற வேண்டும், அது நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. அப்புறம் இடது பாதிக் கட்டைகளுக்கு ஒன்று, வலது பாதிக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டாப்பை இழுத்து எல்லாக் கட்டையையும் வரிசையாக அழுத்துங்கள், ஊமையாக இருப்பவை பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலும் தூசிதான். கரகரவென்று உலோகச் சத்தம் வந்தால் ரீடு விரிசல் விட்டிருக்கலாம், அதற்கு மாற்று இன்னொரு பழைய ஆர்கனிலிருந்துதான் வர வேண்டும். கால்களுக்கு அடியில் மாவு மாதிரி மரத்தூள் கிடந்தால் உளு இருக்கிறது, கோவில் பெஞ்சுகளுக்கும் அது பரவும், விட்டுவிடுங்கள். கொண்டுவந்தபின் வெளிச்சுவரை ஒட்டியோ ஹீட்டருக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள், ஒன்றில் ஈரம் ஏறும், மற்றதில் பலகை வெடிக்கும். அப்புறம் பின்பலகை. திருகு போட்டு மாட்டியிருந்தால் நல்லது. ஆணி அடித்து மூடியிருந்தால் உள்ளே யாரோ பசையும் டேப்பும் போட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம், அதைக் கொடுப்பவரிடமே மரியாதையாக விட்டுவிட்டு வாருங்கள்.